ஆச்சு இறுக்கிய நட்டு

எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வருவதும் வராததும் ஒரே ஒரு மனிதரின் மணிக்கட்டில் இருக்கிறது. அதிகாரிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வீட்டுக் குழாயும் அவர் திறந்தால்தான் வரும் என்பதால், மறுக்கவும் மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஆளுயர இரும்புச் சாவி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். தெருமுனையில் தரையோடு பதித்திருக்கும் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, இருபத்திரண்டு சுற்றுச் சுற்றுவார். தண்ணீர் வரும். இரண்டு மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கமாக அதே இருபத்திரண்டு. கடைசிச் சுற்றில் மட்டும் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, உடம்பின் எடை மொத்தத்தையும் சாவிமேல் போட்டு ஓர் அழுத்து. அப்போதுதான் வால்வு ஒழுகாமல் நிற்கும். பிறகு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, யாரும் கேட்காமலே சொல்வார்: "ஆச்சு."

அதுவே பெயராக நின்றுவிட்டது. ஆனால் தண்ணீரைத் தவிர வேறு எதைப் பற்றியாவது அவர் "ஆச்சு" என்றால், அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் நான்கு வருடமாக "ஆச்சு." ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்.

இந்த ஆச்சுவிடம்தான் அவருடைய அண்ணன் அப்பாவின் காரை ஒப்படைத்துவிட்டுக் கடல் தாண்டி வேலைக்குப் போனார். பதினொரு வயது மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மனைவி இறந்தபின் அங்கேயே தங்கிவிட்டவர். கார் அப்பாவைவிட நான்கு வயதுதான் இளையது. நீள மூக்கு, கறுப்பு நிறம், கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உதிரிபாகம் என்பது இனிமேல் ஒரு ஞாபகம் மட்டுமே.

"ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணணும். பத்து மணிக்கு ஃபோன் பண்ணுவேன், சத்தத்தைக் கேக்கணும்" என்றார் அண்ணன், போகும்போது.

"வீடியோவுலயே காட்டறேனே அண்ணே."

"படம் வேண்டாம்டா. சத்தம் போதும். கண்ணை மூடிட்டுக் கேட்டா அப்பா வர்ற மாதிரி இருக்கும்."

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு இன்ஜினிலிருந்து 'டிக், டிக், டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மெக்கானிக் யாரிடமாவது போட்டுக் காட்டலாம் என்று ஆச்சு அதைத் தன் கைபேசியில் மூன்று நிமிடம் பதிவுசெய்தார். பதிவு செய்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த இன்ஜினின் விலாவில் இரண்டு இரும்புக் கைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேனிஃபோல்டு என்பார்கள். மேலே இருப்பது காற்றையும் பெட்ரோலையும் உள்ளே பங்கிட்டுக் கொடுக்கிறது. கீழே இருப்பது எரிந்த புகையை வெளியே அழைத்துப் போகிறது. நடுவில் நான்கு போல்ட்டுகளால் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, எட்டு நட்டுகளால் இன்ஜினோடு பொருத்தியிருப்பார்கள். ஒன்று கொதிக்கும், மற்றது குளிர்ந்து கிடக்கும். ஒன்று விரியும்போது மற்றது விரியாது. ஆனாலும் பிரிய முடியாது. கல்யாணமானவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இன்ஜினுக்கும் இந்தக் கைகளுக்கும் நடுவே கேஸ்கட் என்ற மெல்லிய தகடு புகை கசியாமல் அடைக்கும். அது கருகினால் வருவதுதான் அந்த டிக்.

கசிவு என்றதும் ஆச்சுவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஸ்பேனரை எடுத்தார். முதலில் கண்ணில் பட்டவை நடுவில் இருந்த நான்கு போல்ட்டுகள். அவற்றை மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, கடைசிவரை இறுக்கினார். பிறகு ஓரத்து நட்டுக்குப் போனார். இருபது வருடம் வால்வு மூடிய கை. மேனிஃபோல்டின் இரண்டு இரும்புக் கைகளும் நடுவில் இறுகிப்போய் அசைய இடமில்லாமல் நின்றன. ஓரத்தை இழுத்தபோது புகைக்கையின் காது, நட்டு உட்காரும் அந்த மடல், பிஸ்கட்டைப் போல உடைந்து அவர் காலடியில் விழுந்தது.

சனிக்கிழமை அது. மறுநாள் பத்து மணிக்கு ஃபோன் அடித்தது.

ஆச்சு கெட்டவர் இல்லை. ஒரே ஒரு வாரம், அதற்குள் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தார். கூடத்தில் உட்கார்ந்து பொய் சொல்ல மனசு வரவில்லை. கார் நிற்கும் கொட்டகைக்குப் போய், பானெட்டைத் திறந்துவைத்து, கையில் கொஞ்சம் கிரீஸும் பூசிக்கொண்டு, ஒரு ஃபோனில் பதிவை ஓடவிட்டு இன்னொரு ஃபோனை அதன் வாயில் வைத்தார்.

"என்னடா அது, டிக் டிக்குன்னு?"

"வயசாயிடுச்சுல்ல அண்ணே. முட்டி சத்தம்."

அந்தப் பக்கம் அண்ணன் சிரித்த சிரிப்பு கொட்டகை முழுக்கக் கேட்டது. "அப்பா மாடி ஏறும்போது இப்படித்தான்டா கேக்கும். விடு, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அந்த ஒரு வாரம் ஆறு வருடமானது. முந்நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல். உடைந்த காது சமையலறையில் ஒரு பழைய டப்பாவில் துணி சுற்றிக் கிடந்தது. பதிவு இருந்த கைபேசி கிழடாகி, வேறு எதற்கும் லாயக்கில்லாமல் போனபிறகும், வாரம் தவறாமல் சார்ஜ் ஏறியது. "என்னைக்கூட நீங்க இப்படிப் பாத்துக்கிட்டதில்ல" என்பார் மனைவி. திட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து மணிக்கு அடுப்படியில் பாத்திரம் உருளாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

ஒரு வியாழக்கிழமை, ஞாயிறு அல்லாத நாளில், ஃபோன் வந்தது.

"தம்பி, வேலையை விட்டுட்டேன். வர்ற வாரம் சனிக்கிழமை வந்து இறங்கறேன். ஏர்போர்ட்டுக்கு வண்டியை எடுத்துட்டு வா. அதுல உக்காந்துதான் வீட்டுக்கு வருவேன்."

"ஆச்சு அண்ணே" என்றார் ஆச்சு, பழக்கத்தில்.

ஃபோனை வைத்ததும் விரல்விட்டு எண்ணினார். ஒன்பது நாள். அண்ணன் அவரைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அப்பா போனபிறகு அந்த இடத்தில் நின்றவர். இந்த உலகத்தில் ஆச்சு சொன்ன "ஆச்சு"வை அப்படியே நம்பிய ஒரே ஆத்மா.

"வண்டி திருடு போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்றார் மனைவியிடம்.

"ஓடாத வண்டியைத் திருடன் எப்படிங்க கொண்டுபோனான்? தோள்லயா?"

"கொட்டகை தீப்பிடிச்சுதுன்னு..."

"அப்போ போன ஞாயித்துக்கிழமை கேட்ட சத்தம் எதோட சத்தம்? ஆவியா?" அவர் டப்பாவைத் திறந்து உடைந்த காதை எடுத்து மேசைமேல் வைத்தார். "வேர் வரைக்கும் சொத்தை. ஆறு வருஷமா பஞ்சு வெச்சு அடைச்சிட்டிருக்கீங்க. இனி நாற்காலியில உக்காந்துதான் ஆகணும்."

வெள்ளிக்கிழமை ஆச்சு நட்டுகளைக் கழற்ற உட்கார்ந்தார். ஐந்து வந்தன. இரண்டு அழுது அழுது வந்தன. எட்டாவது துருப்பிடித்து இன்ஜினோடு ஒன்றாகிவிட்டிருந்தது. அதற்கும் அதே வைத்தியம்: மூச்சு, பல், உடம்பு எடை. நட்டு மாட்டியிருந்த, இன்ஜினில் பதிந்த ஸ்டட் என்ற மரைக்கம்பி கழுத்தோடு முறிந்து, பாதி உள்ளேயே நின்றது. சனியும் ஞாயிறும் ஒரு கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, புகைக்கையை அதன்மேல் வைத்துத் தேய்த்தார். இன்ஜினில் ஒட்டும் முகம் மட்டமாக இருந்தால் கசியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நடுவில் ஞாயிறு பத்து மணிக்கு எழுந்து, கை கழுவாமலே பதிவை ஓடவிட்டார். இந்தமுறை கிரீஸ் உண்மையானது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக்கொண்டு பின்தெருவில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனார். பட்டறை நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடி எப்போதும் நெற்றிமேல்தான் இருக்கும். கண்ணுக்கு இறங்கி யாரும் பார்த்ததில்லை. இரும்பைத் தொட்டே படித்துவிடுவார். புகைக்கையை வாங்கி, விரலால் தடவி, உடைந்த இடத்தைப் பார்த்தார்.

"யாரு இறுக்கினது?"

"ஒரு மெக்கானிக்குங்க."

"அவன் கையை ஒடிக்கணும். நடுவை முதல்ல இறுக்கியிருக்கான், மடையன். சரி, இந்தத் தேய்ப்பு? இதுவும் அவன்தானா?"

"...அவன்தாங்க."

"ரெண்டு நாள் தேய்ச்சிருப்பான் போல. நல்லாப் பள்ளம் பறிச்சிருக்கான்." மட்டப்பலகையை முகத்தில் வைத்து, இடுக்கில் காகிதம்போன்ற ஓர் இரும்பு இதழைச் செருகினார். அது தாராளமாக உள்ளே போனது. "இதுகளைத் தனித்தனியா சீவவே கூடாதுங்க. ரெண்டையும் சேத்துக் கட்டி, ஒரே முகமா சீவணும். இல்லன்னா ஒண்ணு மேட்டுல உக்காரும், ஒண்ணு பள்ளத்துல உக்காரும். கேஸ்கட் என்ன பஞ்சாயத்தா பண்ணும்?"

"எப்போ கிடைக்கும்?"

"முதல்ல காது ஒட்டணும். வார்ப்பிரும்பு. கரியில போட்டு மெதுவா சூடாக்கி, நிக்கல் ராடுல வெல்டு வெச்சு, சாம்பல்ல புதைக்கணும். ஒரு நாள் முழுக்க ஆறணும். நாளைக்குக் காலையில வாங்க. அதுவரை தொடக்கூடாது."

வெல்டு வைத்ததைப் பார்த்தார். சாம்பல் நிறைந்த பீப்பாயில் புதைத்ததையும் பார்த்தார். பட்டறை அம்மா இன்னொரு வேலைக்குத் திரும்பினார். ஆச்சு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்தினார். ஒட்டியிருக்குமா? ஒட்டாவிட்டால்? இன்னும் ஐந்து நாள்தானே? ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். இரண்டாவது மணி நேரத்தில் கை தானாகச் சாம்பலைக் கொஞ்சம் விலக்கியது. காதின் ஓரம் மட்டும் தெரிந்தால் போதும், ஒரு நிமிடம்.

காற்று பட்டது. 'டிங்' என்றது. சின்னச் சத்தம்தான், டீ கிளாஸில் கரண்டி பட்டதுபோல. பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. அம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "தொட்டீங்களா?"

ஆச்சு அவசரமாகச் சாம்பலை மூடினார்.

"யோவ், அந்த மெக்கானிக் நீதானா?"

ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல், முடி கனத்தில், காது முழுக்க ஓடியிருந்தது. "எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார் அம்மா. "இனிமே என்னால ஆகாது. பொறுமை இல்லாதவனுக்கு வார்ப்பிரும்பு வேலை பண்ணக்கூடாதுன்னு எனக்கு ஒரு கொள்கை."

செவ்வாய்க்கிழமை காலை ஆச்சு வால்வைத் திறந்துவிட்டு, நேராகப் பட்டறை வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தார். கெஞ்சினார். அம்மா இயந்திரத்தை ஓடவிட்டார். சத்தத்துக்கு மேல் கெஞ்சினார். அம்மா இன்னொரு இயந்திரத்தையும் ஓடவிட்டார். "எங்க அண்ணனுக்காகம்மா" என்றார். "எல்லாருக்கும் ஒரு அண்ணன் இருக்கான்" என்றார் அம்மா. எதற்காக என்று மட்டும் ஆச்சு சொல்லவில்லை. வெயில் படியேறி, முழங்காலுக்கு வந்து, முகத்துக்கு வந்தது. அவர் அசையவில்லை. முழங்கைகளை முட்டியில் ஊன்றி, தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த உருவத்தைப் பார்த்த ஒருவர், பட்டறையில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

இதில் அவர் தண்ணீரை நிறுத்த மறந்துவிட்டார். இரண்டு மணி நேரம் வரவேண்டியது ஐந்து மணி நேரம் வந்தது. பக்கெட்டு, அண்டா, குழந்தையின் பொம்மை லாரிவரை மக்கள் நிரப்பிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடச் சேவையில் முதல்முறையாகத் தெரு அவரை வாழ்த்தியது. அலுவலகம் அவருக்கு முதல்முறையாக மெமோ கொடுத்தது. மக்கள் கருத்தும் அரசாங்கக் கருத்தும் ஒரே நாளில் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

மதிய இடைவேளையில் மனைவி வந்தார், பல் டாக்டர் கிளினிக் சீருடையோடு. படியில் கிடந்த கணவரைத் தாண்டி உள்ளே போனார்.

"அக்கா, இவர் சொன்னாரா எதுக்குன்னு?"

"அண்ணனாம்."

"அண்ணன்தான். ஆறு வருஷமா அவருக்கு இன்ஜின் சத்தம்னு சொல்லி ஃபோன்ல பதிஞ்சதைப் போட்டுக் காட்டிட்டிருக்கார். வாராவாரம். கையில கிரீஸ் பூசிக்கிட்டு."

அம்மா ஒவ்வோர் இயந்திரமாக நிறுத்தினார். "கிரீஸா? எதுக்கு?"

"உண்மையா இருக்கணுமாம்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார், மேசையைத் தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். படியில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அது சிரிப்பு இல்லை. அம்மாவும் அதைக் கவனித்தார் போல. சிரிப்பு பாதியில் நின்றது.

"உள்ள எடுத்துட்டு வரச் சொல்லும்மா. ஆனா ஒண்ணு. பீப்பாய்க்குப் பூட்டு. சாவி என்கிட்ட."

புதன் காலை பூட்டைத் திறந்து, சாம்பலைத் தோண்டி எடுத்தபோது புகைக்கை வெதுவெதுப்பாகக்கூட இல்லை. தட்டிப் பார்த்தார்கள்; மணியாக ஒலித்தது. இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டி ஒரே முகமாகச் சீவினார்கள். மதியம் அம்மாவே கொட்டகைக்கு வந்து, முறிந்த ஸ்டட்டைத் தீச்சுடரில் சிவக்கவைத்து, ஆறும்போது மெழுகுவர்த்தியை அதில் தொட்டார். உருகிய மெழுகு துருவுக்குள் ஓடி இறங்கியது. இடுக்கியால் பிடித்ததும் ஸ்டட் வெண்ணெயில் திருகியதுபோல வெளியே வந்தது. ஆச்சு அதைப் பொறாமையோடு பார்த்தார். அவர் அறிந்த உலகத்தில் எந்த இரும்பும் கேட்டுக்கொண்டதற்காக வெளியே வந்ததில்லை.

"நல்லாக் கேளுங்க" என்றார் அம்மா. "எல்லாத்தையும் விரலால மாட்டணும். எதையும் இறுக்கக்கூடாது. அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு, ஆளுக்குக் கால் சுத்து. ஒரு வலம் முடிஞ்சா திரும்ப முதல்லேருந்து. நடுவுல சேக்கிற நாலு போல்ட்டு கடைசியில. கடைசின்னா கடைசி."

"கசியாம இருக்கப் பேஸ்ட்டு கீஸ்ட்டு தடவட்டுமா?"

"தன் வேலையை நம்பாதவன்தான் பேஸ்ட்டு தடவுவான். முகம் சரியா இருக்கு. சும்மா வைங்க."

வியாழக்கிழமை, அம்மா வெட்டிக்கொடுத்த புதுக் கேஸ்கட்டை வைத்து மாட்டினார்கள். மனைவி லீவு போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கால் சுத்து. அடுத்தது."

"இன்னும் கொஞ்சம் போகும்போல இருக்கு..."

"அடுத்ததுங்க."

"லூசா இருக்குடி!"

"அதுக்குத்தானே சுத்திச் சுத்தி வர்றோம்? கையை எடுங்க."

கால் சுற்றில் நிறுத்துவது அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய வேதனை என்று யாருக்கும் புரியாது. பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு தடவை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். ஆறு வலம் வந்தார்கள். ஆறாவது வலத்தில், யாரும் அழுத்தாமலே, எட்டு நட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாக நின்றன. பிறகு நடுவில் நான்கு. ஆச்சு ஸ்பேனரைக் கீழே வைத்தார். மனைவி நிமிர்ந்து பார்த்தார். கணவர் வாயில் அந்த "ஆச்சு" வராமல் போனது கல்யாணத்துக்குப் பின் அதுவே முதல்முறை.

வெள்ளிக்கிழமை புகைக்குழாய் வழியே காற்றடித்து, சோப்பு நீர் தடவிப் பார்த்தார்கள். குமிழ் இல்லை. புது பேட்டரி போட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருகினார்கள். ஆறு வருடம் தூங்கிய இன்ஜின் இருமி, தும்மி, நான்காவது தடவையில் எழுந்தது. ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை மூட்டு மூட்டாக நகர்த்திக் கேட்டார் ஆச்சு. எங்கும் ஒன்றும் இல்லை. சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் கால் சுற்று. நான் இதைச் சொல்லியாக வேண்டும்: அன்று மாலை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த அந்த இன்ஜினைப் பார்த்தபடி அரை மணி நேரம் இருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர், தான் முழுசாகச் செய்த முதல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை. விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடம். தள்ளுவண்டியோடு வந்த அண்ணன், ஏழு வருடத்தில் ஒரு சுற்றுச் சிறுத்திருந்தார். பானெட்டைக் கையால் தடவினார். முன்பக்கம் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணிட்டேன் அண்ணே."

அண்ணன் கண்ணைத் திறந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "எங்கடா அந்த முட்டி?"

"எந்த..."

"டிக் டிக்குன்னு வருமே. போன ஞாயித்துக்கிழமைகூட வந்துச்சே."

"அது... சரியாயிடுச்சு அண்ணே."

"ஆறு வருஷம் இருந்தது ஆறு நாள்ல சரியாகுமா?" அவர் குரல் மாறியது. "இது அப்பா இன்ஜின் இல்ல. டேய், என்னைப் பாரு. வித்துட்டியா? வேற இன்ஜின் போட்டிருக்கியா?"

"அய்யோ அண்ணே, சத்தியமா இல்ல!"

"அப்போ அந்தச் சத்தத்தைக் காட்டு."

"ஒரு நிமிஷம் அண்ணே, பாத்துட்டு வர்றேன்" என்று ஆச்சு இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். தூக்கிய பானெட் அண்ணனை மறைத்தது. கையில் ஸ்பேனர். ஓரத்தில் இருக்கும் எட்டாவது நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். டிக் வந்துவிடும். அண்ணன் சிரிப்பார், முட்டி என்பார், அப்பா என்பார். பொய் இன்னும் இருபது வருடம் ஓடும். ஸ்பேனரை நட்டில் மாட்டினார். சூடு விரலைச் சுட்டது.

இழுக்க முடியவில்லை. நட்டு இறுகியிருந்ததால் அல்ல. ஆறு வலம், ஆறு கால் சுற்று. தானாக வந்து நின்ற நட்டு அது. அவர் பேச்சைக் கேட்ட முதல் நட்டு. பாசம், மனசாட்சி, அப்பாவின் ஆன்மா எல்லாம் ஆறு வருடமாக முட்டி மோதியும் திறக்காத வாயை, கடைசியில் வேலைக்காரனின் தற்பெருமை திறந்தது. ஆச்சு பானெட்டை இறக்கினார்.

"அண்ணே, இன்ஜின் அப்பாவுதுதான். சத்தம்தான் பொய். மேனிஃபோல்டு காதை நான்தான் உடைச்சேன், ஆறு வருஷம் முன்னாடி. நீங்க கேட்டதெல்லாம் ஃபோன்ல பதிஞ்சது."

அண்ணன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"எல்லாம்."

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தேனே. நர்ஸ்கிட்டக் கெஞ்சி ஃபோன் வாங்கிக் கேட்டேன். அன்னிக்கு?"

"...அன்னிக்கும் அண்ணே."

அண்ணன் முன்கண்ணாடி வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "ரூம்ல நாங்க நாலு பேர்டா. பத்து மணிக்கு ஃபேனை நிறுத்திட்டு உக்காருவோம். ஒருத்தனுக்கு நம்ம பாஷையே தெரியாது. அவன்தான் முதல்ல வந்து உக்காருவான். எங்க வீட்டு வண்டின்னு சொல்லுவேன். அவனுங்களுக்கு நான் என்னடா சொல்லட்டும்?"

அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். போய்விடுவார் என்றே ஆச்சு நினைத்தார். அவர் பின்கதவைத் திறந்து, பின்னால் ஏறி, வாடகைக் காரில் வந்த பயணியைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

வீடு நாற்பது நிமிட தூரம். ஆச்சு தன் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலையின் பலனை அந்த நாற்பது நிமிடமும் முழுசாக அனுபவித்தார்: வண்டிக்குள் சத்தமே இல்லை. பின்னால் அண்ணன் விடும் மூச்சு கேட்டது. ஒரு தடவை மூக்கை உறிஞ்சியது கேட்டது. கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றபோது ஆச்சுவின் நினைவு எங்கேயோ இருந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"பச்சை விழுந்துடுச்சு."

அவ்வளவுதான். வீடு வந்ததும் அண்ணன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஆச்சு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வந்த மனைவி ஜன்னலில் குனிந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பச்சை விழுந்துடுச்சுன்னார்." ஆச்சு மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கோவம் இருந்தா அதைச் சொல்லியிருக்க மாட்டார் இல்ல? பேசினார் இல்ல?"

மனைவி கதவின் கைப்பிடியைப் பிடித்தார். பொய் சொல்லக்கூடிய இடம்தான். அந்த வீட்டில் அதற்குப் பழக்கமும் இருந்தது.

"அது சமாதானம் இல்லீங்க," என்றார், "டிராஃபிக்." பிறகு கதவைத் திறந்துவிட்டு, "இறங்குங்க. உள்ள போய் அவர் முன்னாடி உக்காருங்க. எதுவும் சொல்லாதீங்க, எதையும் போட்டுக் காட்டாதீங்க. உக்காருங்க, போதும்" என்றார்.